அவங்களுக்கு வேலை போயிருச்சுங்க

அத்தியாயம் மூன்று

சிங்காநல்லூர் கல்யாணக் கேஸ் முடிந்த மறுநாள் காலை, பீளமேட்டில் பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த 'பழனாத்தாள் டிடெக்டிவ்ஸ்' அலுவலகத்துக்கு ஒருவன் படியேறி வந்தான். போர்டைப் பார்த்து மெஸ் என்று நினைத்து ஏறி வருகிறவர்கள் வாரத்துக்கு நாலு பேராவது உண்டு. அதனால் உதவியாளன் நிஜாம் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

"சாப்பாடு இல்லீங்க. துப்பு மட்டுந்தான்."

வந்தவன் சிரிக்கவில்லை. முப்பதைத் தாண்டிய வயது. மடிப்புக் கலையாத சட்டை, தோளில் லேப்டாப் பை, கழுத்தில் நீலப் பட்டை. பட்டையின் நுனியில் இருக்க வேண்டிய ஐ.டி. கார்டு சட்டைப் பைக்குள் இருந்தது. ஷூவில் மட்டும் ஊர்ப் புழுதி மொத்தமும் படிந்திருந்தது.

"பழனாத்தாள் சாரைப் பாக்கணுமுங்க."

"சார் நாந்தானுங்க. உக்காருங்க," என்றாள் பழனாத்தாள். நாற்பத்தாறு வயது. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை, பெண் வீட்டாரைப் பற்றி ரகசியமாக விசாரித்துச் சொல்வதில் அவளை அடித்துக்கொள்ள ஜில்லாவில் ஆள் கிடையாது. நிஜாம் கோட்டைமேட்டுக்காரன். உக்கடத்தில் பழைய செல்போன் கடை வைத்து, வந்த வாடிக்கையாளர்களிடம் எல்லாம் வாயைக் கொடுத்துக் கொடுத்தே கடையை மூடியவன். இங்கே அந்த வாய்க்குச் சம்பளம் கிடைக்கிறது.

"எம் பேரு மதன்குமாருங்க. யாரோ எம்மேல பாங்க்குல கோள் சொல்லிப்போட்டாங்க. அது யாருனு தெரியணுமுங்க."

விஷயம் இதுதான். காளப்பட்டியில் ஒரு வீடு விலைக்கு வந்தது. பார்த்தவுடன் பிடித்துவிட்டது. வேறு யாராவது முந்திவிடப் போகிறார்கள் என்று புரோக்கர் பயமுறுத்த, மதன்குமார் மனைவி அக்ஷயாவின் நகைகளை விற்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டான். லோன் கிடைக்குமா என்று பாங்க்கில் போய்க் கேட்டது அதற்குப் பிறகு. மாதக் கடைசிக்குள் கிரயம் முடிக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்பி வராது என்று அக்ரிமென்ட்டில் இருந்தது. அந்த வரியை அவன் படித்தது கையெழுத்துப் போட்டதற்குப் பிறகு.

"பொண்ணு ஊட்டுல சம்மதமானு கேக்கறதுக்கு முன்னாடியே தாலியைக் கட்டிப்போட்டீங்க," என்றான் நிஜாம்.

"நிஜாம்!" என்று அதட்டிவிட்டு, "கோள் என்னனு சொல்லுங்க," என்றாள் பழனாத்தாள்.

"போன வாரம் மானேஜருக்கு ஒரு போன் வந்துச்சாமுங்க. 'மதன்குமார் லோன் விசயமுங்க. அவங்களுக்கு வேலை போயிருச்சுங்க. லோன் குடுத்துப்போடாதீங்க.' அவ்வளவுதான். மானேஜர் அதை அப்படியே பேசிக் காட்டினாரு. ஃபைலை நிறுத்திப்போட்டாங்க. சுத்தப் பொய்யுங்க மேடம்."

"பொய்யுங்களா?"

"ஆமாங்க."

"இன்னைக்கு லீவுங்களா?"

"இல்லீங்க, பர்மிஷன். இங்கிருந்து நேரா ஆபீஸ்தான்."

"அந்தக் கார்டைச் சித்தே காட்டுங்க."

மதன்குமாரின் கை சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது. ஆனால் பட்டையைப் பொத்த முடியாதே. அதில் அச்சாகியிருந்ததை நிஜாம் எட்டிப் பார்த்து உரக்கப் படித்தான்.

"பம்ப்செட் கண்காட்சி. பார்வையாளர். ஏனுங்க, சாஃப்ட்வேர்ல இப்பக் கெணத்துத் தண்ணியும் எறைக்கறாங்களா?"

"வேலையை விட்டு அனுப்பறப்பக் கம்பெனி மொதல்ல வாங்கி வைக்கிறது அந்தக் கார்டைத்தானுங்க," என்றாள் பழனாத்தாள் மெதுவாக. "அந்தப் போன்ல வந்தது பொய் இல்ல. அப்படித்தானே?"

மதன்குமாரின் காது இரண்டும் சிவந்தன. அவன் மேஜையைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், கடைசியில் தன் ஷூவைப் பார்த்தான். அவமானத்துக்கு ஒரு குணம் உண்டு. ஆளைக் குனிய வைத்துவிட்டுத்தான் வாயைத் திறக்க விடும்.

"ஃபைல் பாதியில இருக்கறப்ப வேலை போயிருச்சுங்க. பாங்க்குல சொல்லல. ஊட்லயும் சொல்லல. லோன் ஏஜென்ட் சுரேந்தர் ஒருத்தர்கிட்டத்தான் சொன்னேன். இப்பப் போய்ச் சொன்னீங்கன்னா ஃபைலைத் தூக்கிக் கடாசிப்போடுவாங்க, நான் பாத்துக்கறேன்னு அவரே அடுத்தடுத்த மாசத்துக்குச் சம்பளச் சீட்டு தயார் பண்ணிக் குடுத்துட்டாரு."

"போலிச் சம்பளச் சீட்டு!" நிஜாம் விசிலடித்தான். "ஊடு கெடைக்குதோ இல்லியோ, கவர்மென்ட்டே ஒரு ரூம் குடுக்குமுங்க. வாடகை கெடையாது, சோறும் போடுவாங்க."

"காலையில எந்திரிச்சு, குளிச்சு, டிபன் டப்பாவை எடுத்துட்டுக் கெளம்பிருவேனுங்க. லைப்ரரி, பஸ் ஸ்டாண்டு, இலவசமா உள்ள விடற கண்காட்சி... எங்காச்சும் உக்காந்துட்டுச் சாயங்காலம் ஊட்டுக்குப் போவேன். போன மாசம் பழைய டீம் ஆளுக ரோட்டுல எதுக்கால வந்தாங்க. அவிகளுக்குத் தெரியக்கூடாதுனு ஒரு ஜவுளிக்கடைக்குள்ள பூந்து, வேணும்ங்கற மாதிரி நைட்டி வெலை கேட்டுட்டு நின்னேனுங்க. எந்த மூஞ்சியை வச்சுட்டுங்க சொல்றது? எங்க மாமனார் சோமனூர் முச்சூடும் மாப்பிள்ளை ஊடு வாங்கறாங்கனு சொல்லிட்டுத் திரியறாரு."

"சரி. இப்ப எதுக்குத் துப்பு?"

"மாமனார் அவர் ஊட்டு டாக்குமெண்டைக் குடுத்து ஜாமீன் கையெழுத்தும் போட்டா ஃபைல் நகரும்னு சுரேந்தர் சொல்றாருங்க. இன்னைக்குச் சாயங்காலம் கையெழுத்து. அதுக்கப்பறம் அந்த ஆள் மறுபடியும் போன் பண்ணிப்போட்டா? யாருனு தெரிஞ்சா கால்ல உளுந்தாவது வாயை அடைச்சிருவேன்."

"நீங்க தவணை கட்டாம போனா உங்க மாமனார் ஊடு போயிரும். தெரியுமுங்களா?"

"அதுக்குள்ள வேலை கெடைச்சிருமுங்க."

பழனாத்தாள் நோட்டைத் திறந்து தேதி போட்டாள். "ஆளைக் கண்டுபிடிச்சுத் தாரேன். வாயடைக்கற வேலை எங்ககிட்ட இல்லீங்க. அதுவரைக்கும் அந்தக் கையெழுத்தை நிறுத்தி வைங்க."

"பாக்கறேனுங்க," என்றான் மதன்குமார்.

கோயமுத்தூரில் 'பாக்கறேனுங்க' என்றால் 'மாட்டேன்' என்று அர்த்தம். மரியாதை கருதி அப்படிச் சொல்வது வழக்கம்.

*

பாங்க் மானேஜர் திருநெல்வேலிக்காரர். வாடிக்கையாளர் விவரத்தை வெளியாளிடம் பேசக்கூடாது என்ற விதி அவருக்குத் தெரியும். ஆனால் அவர் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு பெண்டாட்டி இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் பழனாத்தாள். அதனால் விதியைப் பாங்க்கிலேயே விட்டுவிட்டு, அவர் மட்டும் பக்கத்து பேக்கரிக்கு வந்தார்.

"அந்தப் பையனைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் மேடம். போனைப் பத்தி வேணா சொல்லுதேன். அதைத்தான் அவன்கிட்டயே சொல்லிட்டேனே."

"ஆம்பளைக் கொரலா, பொம்பளைக் கொரலா?"

"அதான் தெரியல. பின்னால ஒரே இரைச்சல். ரயில்ல இருந்து பேசுனாப்ல இருந்துச்சு."

"எப்படி இரைச்சல்? மேஜையில தட்டிக் காட்டுங்க."

மானேஜர் தேங்காய் பன்னை ஓரமாகத் தள்ளிவிட்டு இரண்டு கைகளாலும் தட்டினார். இடைவெளியே இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, பத்துப் பேர் சேர்ந்து தட்டுவது போல. பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க யாருனு நான் கேட்டேன். 'மன்னிச்சுக்கங்க'னு சொல்லிட்டு வச்சாச்சு. கோள் சொல்லுதவங்க மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததே இல்ல."

"'அவங்களுக்கு வேலை போயிருச்சு'னுதான் சொன்னாங்களா? 'அவனுக்கு'னு இல்லியே?"

"அவங்களுக்குத்தான். எங்க ஊர்ல இவ்வளவு மரியாதையா யாரும் காட்டிக் குடுக்க மாட்டாங்க. அதான் மனசுல நின்னுட்டு."

*

நிஜாமின் ஆம்னி வேன் அவினாசி ரோட்டில் கிழக்கே போனது. ஓட்டியது பழனாத்தாள். நிஜாம் ஓட்டினால் பேசும்போது கையை விட்டுவிடுவான்.

"மேடம், இந்த ஊர்ல ஜேப்படிக்காரன்கூட 'பர்ஸைக் குடுங்க'ம்பான். மரியாதையை வச்சு எப்படித் துப்புத் துலக்கறது?"

"மரியாதை ரெண்டு வகை நிஜாம். 'போயிருச்சுங்க'வுல இருக்கற 'ங்க' மானேஜருக்கு. அது எல்லாரும் போடறதுதான். 'அவங்களுக்கு'ங்கறது மதன்குமாருக்கு. ஒருத்தனுக்குக் கெடுதல் நெனைக்கிறவங்க, அவன் இல்லாத எடத்துல அவனை 'அவங்க'ம்பாங்களா?"

நிஜாம் யோசித்தான். "கூட வேலை செஞ்சவன்னா 'அவனுக்கு'ம்பான். புரோக்கர்னா 'அந்த ஆளுக்கு'. பெத்தவங்கன்னா 'எம் பையனுக்கு'."

"அப்ப இந்த வயசு ஆளை 'அவங்க'ங்கறது யாரு?"

"பொண்ணு குடுத்த ஊடு!" நிஜாம் டாஷ்போர்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். மானேஜர் தட்டிய தாளம் அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. "மேடம், அது ரயில் இல்ல. தறி. சோமனூர்ல விசைத்தறி ஓடற சத்தம்!"

"பன்னு திங்கறப்பவே எனக்குத் தெரியும்."

"சொல்லியிருக்கலாமில்ல? நானும் கொஞ்சம் தெம்பா இருந்திருப்பேன்."

அப்போது நிஜாமின் போன் அடித்தது. மதன்குமார். பழனாத்தாள் கண்ணால் வேண்டாம் என்று சைகை காட்டுவதற்குள் நிஜாம் எடுத்துவிட்டான்.

"ஆமாங்க, நெருங்கிட்டோமுங்க! சோமனூருக்குத்தான் போயிட்டிருக்கோம். போன்ல தறிச் சத்தம் கேட்டுச்சாமுங்க, அதான்..." நிஜாம் பாதியில் நிறுத்தினான். மறுமுனையில் இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

பழனாத்தாள் வண்டியை ஓரங்கட்டினாள். கோபத்தில் அவள் சத்தம் போடுவதில்லை. சத்தம் போட்டிருந்தால் நிஜாமுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"கேஸ் முடியறதுக்கு முன்னாடி அரைகுறையாச் சொன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க." நிஜாம் முதல் தடவையாக ஜோக் அடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டான். "தப்புத்தானுங்க மேடம்."

*

ஈஸ்வரமூர்த்தியின் வீடும் தறிக் கொட்டகையும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. வீட்டுக்குள் உட்கார்ந்தாலும் தறி நெஞ்சுக்குள் ஓடுவது போல இருந்தது. உள்ளூர்க்காரர்கள் அதைப் பொருட்படுத்துவதே இல்லை. எதையும் ஒரு கட்டை மேலே ஏற்றிப் பேசிக்கொள்கிறார்கள்.

"மாப்பிள்ளை லோன் விசயமா விசாரிக்க வந்தோமுங்க," என்றாள் பழனாத்தாள் உரக்க.

அறுபத்தைந்து வயது ஈஸ்வரமூர்த்தி துள்ளி எழுந்தார். "வாங்க வாங்க! பாங்க்குல இருந்துங்களா? உக்காருங்க அம்மணி. எங்க மாப்பிள்ளை பெரிய கம்பெனியில இருக்காங்க. அமெரிக்காக்காரன்கிட்ட இங்க இருந்தே பேசுவாங்க. ஊடுகூட நான் ஒண்ணும் சொல்லல, அவங்களே பாத்தாங்க, அவங்களே முடிச்சாங்க. எம் பங்குக்கு ஒரு கையெழுத்து. இந்தத் தெருவுல யாரை வேணா கேட்டுப் பாருங்க."

தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்தான். இவர் சொல்லாமல் விட்ட ஆள் இருந்தால் அல்லவா? நிஜாமுக்கு அங்கே உட்காரவே கூச்சமாக இருந்தது. ஒரு மனிதர் இல்லாத ஒன்றைப் பற்றி இவ்வளவு சந்தோஷமாகப் பேசும்போது, இல்லை என்று தெரிந்தவன் எங்கே பார்ப்பது? சுவரில் மாட்டியிருந்த மகளின் கல்யாணப் படத்தைப் பார்த்தான். அதில் மதன்குமார் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தான்.

"வேலையெல்லாம் நல்லபடியா போயிட்டிருக்குதுங்களா மாப்பிள்ளைக்கு?" என்று பழனாத்தாள் தூண்டில் போட்டாள்.

"அதுக்கென்னங்க! ராசாவாட்டம்."

அதில் நடிப்பு ஒரு துளியும் இல்லை. அந்த நேரம் பார்த்து அவர் போன் ஒலித்தது. "சித்தே இருங்க" என்று சொல்லிவிட்டு, எழுந்து வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிர்ப்பக்கத்து வேப்பமரம் வரைக்கும் போய் நின்று பேசினார்.

"பாத்தியா?" என்று நிஜாமின் காதருகே சொன்னாள் பழனாத்தாள். "தறிக்காரர் போன் பேசணும்னா தறியை விட்டுத் தள்ளிப் போவார். நம்ம ஆளு தறிச் சத்தத்துக்குள்ள போய் நின்னு பேசியிருக்குது. ஏன்?"

"ஊட்டுல இருக்கற யாருக்கோ கேக்கக் கூடாதுனு." நிஜாம் விழித்தான். "அப்படின்னா மாமனார் இல்லீங்களா?"

அவள் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து காபித் தட்டுடன் ஒரு பெண் வந்தாள். இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயது இருக்கும். கழுத்தில் தாலிக் கயிறு மட்டும். அதில் மஞ்சள் புதிதாக இருந்தது.

"அக்ஷயாங்க," என்றாள். "அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். பத்து நாளா இங்கதான் இருக்கறேன்." தட்டை வைத்துவிட்டு நகராமல் நின்றாள். பிறகு வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டாள். "பாங்க்குல இருந்துதானுங்களே வந்திருக்கீங்க? அவங்களுக்கு... போலீஸ் கீலீஸ்னு ஒண்ணும் வந்துராதுங்களே?"

நல்ல கம்பெனியில் வேலை செய்கிறவன் பெண்டாட்டி, லோன் விசாரணைக்கு வந்தவர்களிடம் கேட்கிற கேள்வியா இது? நிஜாம் காபித் தம்ளரைக் கீழே வைத்தான். பழனாத்தாள் அந்தப் பெண்ணின் கையைப் பிடிக்கப் போனாள்.

வாசலில் ஒரு கார் வந்து நின்றது.

*

முதலில் இறங்கியவன் ஏஜென்ட் சுரேந்தர். வெள்ளைச் சட்டை, கையில் ஃபைல், உதட்டில் நிரந்தரச் சிரிப்பு. அவனுக்குப் பின்னால் மதன்குமார். பழனாத்தாளையும் நிஜாமையும் பார்த்தும் பார்க்காதவன் போல உள்ளே வந்தான். அவன் பார்வை முழுக்க மாமனார் மேல் இருந்தது.

"வாங்க மாப்பிள்ளை!" ஈஸ்வரமூர்த்தி அவனுக்கு நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டார். "நல்ல நேரத்துல வந்தீங்க. பாங்க்குல இருந்தும் வந்திருக்காங்க."

சுரேந்தர் ஃபைலை விரித்தான். "இங்கீங்க, இங்கீங்க, அப்பறம் இந்தப் பக்கம். படிக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க. எல்லாருக்கும் இதே ஃபார்ம்தான்."

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி..." என்று பழனாத்தாள் ஆரம்பித்தாள். தறிச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

ஈஸ்வரமூர்த்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவைத் திறந்தார். மனசு நிறைந்த மனிதர்கள் ஏதாவது பேச வேண்டுமே என்று பேசுவார்கள். அப்படித்தான் அவரும் கேட்டார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, உங்களாட்டம் ஆளுக்கே பாங்க்குல எதுக்கு இத்தனை இழுவை?"

மதன்குமாரின் முகம் கோணியது. வேனில் நிஜாம் விட்ட அந்த அரை வார்த்தை அவனுக்குள் இவ்வளவு நேரமும் வெந்துகொண்டிருந்திருக்க வேண்டும்.

"உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"என்னதுங்க?"

"நடிக்காதீங்க மாமா! பாங்க்குக்குப் போன் பண்ணினது நீங்கதானுங்களே? எனக்கு வேலை போயிருச்சுனு சொல்லிக் குடுத்தது நீங்கதானுங்களே?"

தறியை மீறிக் கத்தினான். கொட்டகையில் நூல் சேர்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஈஸ்வரமூர்த்தி பேனாவுடன் அப்படியே நின்றார். அவர் முகத்தில் கோபம் வரவில்லை. ஒன்றும் புரியாத ஒரு பெரிய குழப்பம்தான் வந்தது.

"வேலை போயிருச்சுங்களா மாப்பிள்ளை?"

அந்த ஒரு கேள்வியில் மதன்குமாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவருக்குத் தெரியாது. இத்தனை மாதம் பொத்திப் பொத்தி வைத்ததை, இவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றுதான் மழையிலும் வெயிலிலும் திரிந்ததை, தானே தன் வாயால், ஊர் கேட்கக் கத்திவிட்டோம். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா இல்லீங்க," என்றாள் அக்ஷயா. "நாந்தானுங்க."

மதன்குமார் அவளைப் பார்த்தான்.

"எனக்கு ரொம்ப நாளாவே தெரியுமுங்க. முந்தியெல்லாம் உங்க டப்பாவுல பாதிச் சோறு திரும்பி வரும். கூட இருக்கறவங்க டப்பாவை எல்லாம் பங்கு போட்டுத் தின்னுட்டு வருவீங்க. அப்பறம் ஒரு பருக்கை மிச்சமில்லாம வர ஆரம்பிச்சுது. மறுநாளு ஒரு கரண்டி கூட வெச்சேன். அதும் காலி. இன்னொரு கரண்டி வெச்சேன். அதும் காலி. யார்கூடயும் சேர்ந்து திங்காத ஆளுதான் அப்படித் தின்னு முடிக்கும். வெயில்ல நடந்து நடந்து சட்டைக் காலர் வெளுத்துப் போச்சு. ஏசி ரூம்ல வேலை செய்யறவங்களுக்குக் காலர் வெளுக்குமுங்களா?"

நிஜாம் தன் எஜமானியைப் பார்த்தான். பழனாத்தாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பம்ப்செட் பட்டையைப் பார்த்துக் காலையில் அவர்கள் அடைந்த பெருமை இப்போது அவளுக்கே உறுத்தியது.

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமில்ல?" என்றான் மதன்குமார்.

"கேட்டா உங்க மூஞ்சி என்னாகும்னு நெனைச்சுப் பாத்தேனுங்க. அதைப் பாக்கறதைவிட முன்னப்பின்னத் தெரியாத பாங்க்காரர்கிட்டப் பேசறது சுளுவா இருந்துச்சு." அவள் கை தாலிக் கயிற்றைத் தொட்டது. "நகை போனாப் போவுது. வேலை இல்லாதப்ப லோன் எப்படி வரும்? பொய் சொன்னாத்தான் வரும். நாளைக்கு உங்களைக் கொண்டு போய் ஸ்டேஷன்ல உக்கார வெச்சா நான் என்ன பண்றது? இந்த ஊட்டையும் எடுத்துட்டா அப்பா எங்க போவாங்க? அதான் சொல்லிப்போட்டேன். கட்டினவங்களையே காட்டிக் குடுத்துட்டேன். அன்னைலிருந்து எனக்குச் சோறு எறங்கலீங்க."

சுரேந்தர் ஃபைலைச் சத்தமில்லாமல் மூடினான். "குடும்ப விசயம். நான் இன்னொரு நாளைக்கு வாரேனுங்க."

"எதுக்குங்க இன்னொரு நாள்?" நிஜாம் வாசலை மறித்து நின்றான். "அந்தச் சம்பளச் சீட்டு எந்தப் பிரஸ்ஸுல அடிச்சதுனு நாளைக்குப் பாங்க் மானேஜர் கேப்பாரு. வந்து சொல்லிட்டுப் போங்க. இல்லைன்னா நானே கூட்டிட்டுப் போக வருவேன்." சுரேந்தரின் சிரிப்பு முதல் தடவையாகக் காணாமல் போனது. நிஜாமை உரசிக்கொண்டு வெளியே ஓடினான்.

ஈஸ்வரமூர்த்தி பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். மருமகன் அருகே வந்தார். மதன்குமார் ஏதோ சொன்னான். உதடு அசைந்தது, அவ்வளவுதான்.

"என்னங்க மாப்பிள்ளை? கேக்கலீங்க."

அவன் மறுபடியும் சொன்னான். மறுபடியும் தறி அதை விழுங்கியது. அவமானத்தை முணுமுணுத்துவிட்டுப் போக அந்த வீட்டில் வழியில்லை. சொல்வதென்றால் கத்தித்தான் சொல்ல வேண்டும்.

பெரியவர் திரும்பிக் கொட்டகைக்குள் போனார். மெயின் சுவிட்ச் இறங்கும் சத்தம் கேட்டது. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. வேலை நேரத்தில், பாவு நூல் ஓடிக்கொண்டிருக்கும்போது, கரண்ட் இருந்தும் தறியை நிறுத்துவது அந்தத் தெருவில் சாவு வீட்டில்தான் நடக்கும். நிஜாமின் காதுக்குள் 'கொய்ங்' என்றது. நூல் சேர்த்துக்கொண்டிருந்த இருவரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டு, ஈஸ்வரமூர்த்தி வந்து மதன்குமாருக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"இப்பச் சொல்லுங்க. கத்த வேண்டியதில்ல."

மதன்குமார் சொன்னான். மிக மெல்லிய குரலில், எல்லாவற்றையும். வேலை போன நாளை, நைட்டி விலை கேட்டதை, சம்பளச் சீட்டை. நாளைக்கே பாங்க்குக்குப் போய்த் தானே உண்மையைச் சொல்லி ஃபைலைத் திரும்ப வாங்கிவிடுவதாகச் சொன்னான். வீட்டுக்காரரைப் பார்த்து அட்வான்ஸில் பாதியாவது கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னான். அக்ஷயா பக்கம் மட்டும் அவனால் திரும்ப முடியவில்லை. அவள் வந்து அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

பழனாத்தாள் எழுந்தாள். நிஜாமும் எழுந்தான். தங்களுக்கு அங்கே இனி வேலையில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. வாசல்படி வரை வந்தபோது பக்கத்துக் கொட்டகையிலிருந்து ஒரு தலை சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தது.

"ஏனுங்கண்ணா, தறி நின்னு போச்சு! என்ன ஆச்சுங்க? ஊட்டுல யாருக்காச்சும் ஒண்ணுன்னா...?"

மதன்குமார் சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்தினான். அவன் கண்ணில் பயம் தெரிந்தது. தெரு முழுக்க இந்த மனிதர் அடித்த தம்பட்டம் அத்தனையும் இப்போது ஒரு பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஈஸ்வரமூர்த்தி எழுந்து வாசலுக்கு வந்தார். தோளில் துண்டைச் சரியாகப் போட்டுக்கொண்டார்.

"எல்லாரும் நல்லா இருக்கோமுங்க," என்றார். "மாப்பிள்ளை வந்திருக்காங்க. பேசறது கேக்கணுமில்லீங்க, அதான் நிறுத்திப்போட்டேன்."

உள்ளே மதன்குமார் வாய்விட்டு அழுதான்.